கொப்பிக்குள் கிடக்கும் கதைகள்

படுவான்கரையில் ஒரு அக்கா இருக்கிறார். இரண்டு சீ.ஆர். கொப்பி நிறையக் கதைகள் எழுதி வைத்திருக்கிறார். "இதை ஆரு தங்கச்சி வாசிக்கப்போறாங்க? அச்சடிக்கக் காசுக்கு எங்க போற?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நமது நாட்டில் கதை எழுதுபவர்கள் பெரும்பாலும் தாமேதான் புத்தகம் போடுகிறார்கள். முந்நூறோ ஐந்நூறோ பிரதி அச்சடித்து, வெளியீட்டு விழா வைத்து, சொந்தக்காரரும் கூட வேலை செய்பவர்களும் வாங்கினால் அச்சுக்கூலி தேறும். மீதி கட்டிலுக்குக் கீழே. விழாவில் வாங்கியவர்கள் எல்லோரும் வாசிக்கிறார்களா என்பதும் சந்தேகமே. டொமினிக் ஜீவா 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, யாழ்ப்பாணத் தெருக்களில் தானே சுமந்து விற்றார். வாசகரைத் தேடி அவர் நடந்தார். நாமும் நடக்கத்தான் வேண்டும். பெண்களுக்கு அந்த நடை இன்னும் கஷ்டம்.

முதலில் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். முதற் கதை சென்னையில், ஒரு பங்களாவில் நடக்கிறது. அக்கா சென்னையைக் கண்டதில்லை. இரவல் வாங்கி வாசித்த ரமணிசந்திரன் நாவல்களில் வந்த வீடு அது. கதை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டுமென்று நினைத்திருக்கிறார். கோளாவிலில் பிறந்த ராஜேஸ்வரி பாலசுப்பிரமணியம் இலண்டனில் இருந்துகொண்டே தன் ஊர்ப் பெண்களின் வாழ்வை 'தில்லையாற்றங்கரை' என்ற நாவலாக எழுதினார். இதை அக்காவிடம் சொன்னேன். அடுத்த கதையை அக்கா மண்டூர் துறையில் வைத்தார்.

அதை மாதர் சங்கக் கூட்டத்தில் வாசித்தோம். கதையில் மார்கழி மாதம் ஒருத்தி தனியே தோணியில் குறுமண்வெளிக்குப் போகிறாள். மூலையில் இருந்த ஆச்சி, "மார்கழி வெள்ளத்தில ஆரு மனே தோணி விடுற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மார்கழியை ஆவணியாக்கினார். பங்களாக் கதைக்கு இப்படியொரு வாசகி கிடைத்திருக்கமாட்டார்.

ஆனால் சொந்த ஊரை எழுதுவதில் ஒரு பயமும் இருக்கிறது. காணாமற்போன கணவரைப் பற்றி, அன்று வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றி எழுதினால், யார் எவர் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். "எனக்கு வந்தாப் பரவாயில்ல, பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு வந்தா?" என்றார் அக்கா. ஊர்ப் பெயரை மாற்றினோம். இரண்டு பெண்களை ஒருத்தியாக்கினோம். வாவியை மாற்றவில்லை. யாருடைய கதையோ அவரிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் கேட்டோம். ஒருவர் வேண்டாமென்றார். அந்தக் கதை கொப்பியிலேயே இருக்கிறது.

மற்றவற்றில் மூன்றைப் போட்டோக்கொப்பி எடுத்து, இருபது பிரதி தைத்துக் கொடுத்தோம். ஒன்று நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மட்டையில் எண்ணெய்க் கறை. உள்ளே, நமக்குத் தெரியாத கையெழுத்தில், ஆவணிக் காற்றைப் பற்றி இன்னொரு திருத்தம்.