பயிரைக் காக்கும் சாவு

பயிரில் ஓரிடம் கருகினால் அதனை நோய் என்றே கொள்வது நமது வழக்கம். ஆனால் செடியின் உடலில் நிகழும் சாவு யாவும் நஷ்டம் அன்று. வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றும் நுண்குழாய்கள் இறந்த உயிரணுக்களால் ஆனவை. அவ்வணுக்கள் தம் சுவரைத் தடிக்கச் செய்து, உள்ளிருப்பதைத் தாமே கரைத்து, வெறுங்கூடாகி நின்றால்தான் நீர் ஏறும்.

எவ்வணு இறக்க வேண்டும், எது வாழ வேண்டும் என்பது எவ்வாறு முடிவாகிறது? செடிக்கு மூளையும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் அணுக்கள் தம்முள் செய்தி அனுப்பும் வழிகளுள் ஒன்று பெப்டைடு. அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட மாலை புரதம் என்றால், சிறு சரமே பெப்டைடு. அணுவின் மேற்புறத்தில் அதற்கென்றே அமைந்த ஏற்பியில் அது பொருந்தியதும், செய்தி உள்ளே செல்கிறது.

செடிகளில் இத்தகைய தூதுப் பெப்டைடு முதன்முதலாக அறியப்பட்டது 1991-ஆம் ஆண்டில். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரையன் குழுவினர் தக்காளி இலையில் அதனைக் கண்டு, சிஸ்டெமின் எனப் பெயரிட்டனர். புழு கடித்த செய்தியைப் பரப்பும் இப்பெப்டைடில் உள்ளவை 18 அமினோ அமிலங்களே.

2006-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜின்னியா அணுக்களிலிருந்து 12 அமினோ அமிலங்கள் கொண்ட மற்றொன்றைப் பிரித்தனர். அது அணுக்கள் நீர்க்குழாயாக மாறி மடிவதைத் தடுத்து நிறுத்துகிறது. 2015-இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மாறான ஒன்றை விளக்கிற்று. கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில், மெட்டாகாஸ்பேஸ் என்னும் நொதி ஒரு புரதத்தை நறுக்குகிறது. அதிலிருந்து வெளிப்படும் 11 அமினோ அமிலத் துண்டு, அணுவை மடியத் தூண்டுகிறது. மேனாட்டார் காலனுக்கு வழங்கும் பெயரையே அப்புரதத்திற்கு இட்டனர். ஆக, தடுப்பதும் ஏவுவதும் சிறு பெப்டைடுகளின் பணியே.

இதனால் உழவருக்கு என்ன பயன் எனலாம். நெற்பயிரைத் தாக்கும் குலைநோய்ப் பூஞ்சை முதலில் உயிருள்ள அணுக்களில் பரவுகிறது. எதிர்ப்புத்திறன் உள்ள இரகத்தில், தாக்குண்ட அணுக்கள் உடனே மடிந்துவிடுகின்றன. பூஞ்சை அங்கேயே முடங்குகிறது. நெல்லிலும் தூதுப் பெப்டைடுகள் உண்டு. பாதுகாப்பு ஏற்பாட்டில் அவற்றிற்கும் பங்குண்டு. இப்போராட்டத்தின் அடையாளம் இலையில் தோன்றும் ஊசிமுனை அளவான பழுப்புப் புள்ளிகள். அவை பெருகி விரிவதில்லை. மாறாக, எதிர்ப்புத்திறன் இல்லாத இரகத்தில் புள்ளிகள் கண் வடிவில் நீண்டு, ஓரம் பழுப்பாகவும் நடுவே சாம்பல் நிறமாகவும் மாறும்.

ஆகவே, புள்ளி கண்டவுடன் மருந்துக் கடைக்கு விரைதல் வேண்டா. சில இலைகளில் நூல் கட்டி அடையாளமிட்டு, நாள்தோறும் கவனியுங்கள். புள்ளி சிறிதாகவே நின்றால் பயிர் தன்னைக் காத்துக்கொண்டிருக்கலாம். வீண் செலவு மிச்சமாகும். புள்ளி நீண்டு நடுவே வெளுத்தால் தாமதம் கூடாது. தழைச்சத்து இடுவதை நிறுத்தி, அன்றே வேளாண்மை அலுவலரிடம் இலையைக் காட்டுங்கள். செம்புள்ளி நோயும் முதலில் சிறு புள்ளியாகவே தோன்றுமாதலால், ஐயம் எழுந்தாலும் அவரைக் கேட்பதே நன்று. சில அணுக்கள் மடிவதால் பயிர் பிழைப்பதையும், பயிரே மடிவதையும் வேறுபடுத்தி அறிவது சிக்கனமான சாகுபடிக்கு உற்ற துணையாகும்.