பாஸ் வாங்கி உள்ளே போகும் மருந்து



பால் வெட்டும் அண்ணன் ஒருவர் மூட்டுவலிக்குக் கடையில் ஜாமு மாத்திரை வாங்கி ஆறு மாதம் சாப்பிட்டார். "மந்திரம் மாதிரி கேட்டுச்சு ஐயா" என்றார். முகம் மட்டும் நிலா மாதிரி உப்பிவிட்டது. பயந்துபோய் மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினார். நாலாம் நாள் பெரட்டில் மயங்கி விழுந்தார். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம், பிழைத்தார். மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாம்.

வலியைப் போக்கிய மருந்து ஆளையே சாய்த்தது ஏன்?

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான வகை அணுக்களுக்குள் உட்கரு என்று ஒன்று உண்டு. அதைத் தோட்டத்து ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவெல்லாம் அங்கிருந்துதான். அதன் சுவரில் ஆயிரக்கணக்கான நுண்ணிய வாசல்கள். சின்னப் பொருள்கள் தானாக நுழைந்துவிடும். பெரிய புரதம் வந்தால் ஜாகா பாஸ் கேட்பார்! அந்தப் பாஸ் புரதத்தின் உடம்பிலேயே இருக்கிறது. புரதம் எங்கே போக வேண்டும் என்ற விலாசம் அதனுள்ளேயே இருப்பதைக் காட்டிய குந்தர் புளோபெல் என்ற விஞ்ஞானி 1999-ல் நோபல் பரிசு பெற்றார். பாஸ் உள்ள புரதத்தை இம்போர்ட்டின் என்னும் சுமைகாரப் புரதம் உள்ளே தூக்கிப் போகும்.

ஸ்டீராய்டுக்கென்றே ஒரு புரதம் உட்கருவுக்கு வெளியே காத்திருக்கிறது. மருந்து வந்து ஒட்டியதும் மறைந்திருந்த பாஸ் வெளியே தெரியும். சுமார் அரை மணியில் அது உள்ளே போய், வீக்கம் உண்டாக்கும் உத்தரவுகளை நிறுத்திவைக்கும். வலி குறைவது அதனால்தான்.

ஆனால் மூளையின் அணுக்களிலும் இதே கதைதான். "கார்ட்டிசால் போதும்" என்று அங்கே உத்தரவாகிவிடும். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்து கார்ட்டிசால் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி, மாதக்கணக்கில் வேலையில்லாமல் சுருங்கிப்போகும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல், உயிருக்கே ஆபத்து!

டாக்டர் எழுதித் தந்த ஸ்டீராய்டு என்றால் பயந்து தூக்கிப் போடாதீர்கள். ஆஸ்துமாக்காரர் பலரைக் காப்பாற்றும் மருந்து அது. நாள்பட்டுச் சாப்பிட்டிருந்தால், டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கடை ஜாமுவில் பதிவு எண்ணும் ஹாலோகிராமும் இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களா? நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்றைக்கே டப்பாவை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். யாரும் திட்டமாட்டோம்.