சினைக்குக் கொழுப்பு அனுப்பும் ஈரல்

சினை மீன் வாங்கினால் எங்கள் வீட்டில் சினை சட்டிக்குப் போகும், ஈரல் பூனைக்குப் போகும். அந்தச் சினையில் இருக்கும் கொழுப்பு எப்படி வந்தது என்று படித்த பிறகுதான் ஈரலின் மேல் எனக்கு மரியாதை வந்தது.

முட்டையிடும் காலம் நெருங்கும்போது மூளைக்குக் கீழேயுள்ள கபச்சுரப்பி சூலகத்தைத் தூண்டுகிறது. சூலகம் முதலில் ரெஸ்ரொஸ்ரெரோனை உண்டாக்கி, அதையே ஈஸ்ரோஜனாக மாற்றுகிறது. ஆண் ஓமோன் என்று நாங்கள் சொல்வதிலிருந்துதான் பெண் ஓமோன் பிறக்கிறது!

இந்த ஈஸ்ரோஜன் இரத்தத்தோடு ஈரலுக்குப் போய், அங்குள்ள கலங்களை 'விற்றெலோஜெனின்' என்ற புரதத்தைச் செய்ய வைக்கிறது. கொழுப்பை ஏற்றிச் செல்லும் வண்டி என்று அதைச் சொல்லலாம். தசையிலும் குடலைச் சுற்றியும் மீன் சேர்த்து வைத்த கொழுப்பு ஈரலுக்கு வந்து, அங்கே பக்குவமாகி, இரத்தத்தின் வழியே சூலகத்தை அடைகிறது. இந்த வேலை நடக்கும் நாட்களில் ஈரலே பருத்துவிடும். பொரித்த குஞ்சு தானாக இரை தேடும் வரைக்கும் உயிர் வாழ்வது தாய் அனுப்பிய இந்தக் கொழுப்பிலும் புரதத்திலும்தான்.

ஆண் மீனின் ஈரலிலும் இதே மரபணு இருக்கிறது. உத்தரவு வராததால் சும்மா கிடக்கிறது. வெளியிலிருந்து உத்தரவு வந்தால்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு சிறு ஏரியில் 2001 முதல் 2003 வரை கோடைகாலங்களில் இதைச் சோதித்தார்கள். கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ரோஜனை லீற்றருக்கு 5 முதல் 6 நனோகிராம் அளவில் கலந்தார்கள். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நனோகிராம். மாத்திரை உட்கொள்பவர்களின் சிறுநீரோடு வெளியேறி, கழிவுநீர் வழியாக ஆறுகளில் சேரும் பொருள் இது.

அங்கிருந்த விரல் நீளச் சிறு மீன்களில் ஆண்களின் ஈரலும் விற்றெலோஜெனின் செய்யத் தொடங்கியது. அதை வாங்கிக்கொள்ளச் சூலகம் இல்லையே! இரத்தத்திலேயே தேங்கியது. இப்படித் தேங்கும் புரதம் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சில ஆண்களின் விதையில் முட்டைக் கலங்கள் தோன்றின. குஞ்சுகள் அற்றுப்போய், சில ஆண்டுகளில் அந்த இனமே ஏரியிலிருந்து அழியும் நிலைக்கு வந்தது. சிறு மீன்களைத் தின்று வாழ்ந்த பெரிய ட்ரவுட் மீன்களும் குறைந்தன.

ஓமோன் கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் போனபின், அந்தச் சிறு மீன்கள் அதே ஏரியில் மறுபடி பெருகின.