சாய்வைச் சொல்லும் வண்ணங்கள்



அமெரிக்காவின் சியரா நெவாடா, ராக்கி மலைகளில் பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் பலர், கிளம்பும் முன் கால்டோப்போ போன்ற இணைய வரைபடங்களில் பாதையைப் போட்டுப் பார்க்கிறார்கள். கோடு இழுத்ததும் தொலைவும் ஏற்ற இறக்கமும் தெரிந்துவிடும்.

அதைவிட முக்கியம் சாய்வு வண்ணம். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில்தான் கிளம்புகின்றன. அவற்றை வரைபடம் ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் தீட்டிக் காட்டும். நடக்கிற இடம் சமதளமாகவே இருக்கலாம். தலைக்கு மேலே சிவப்பு இருந்தால், பனி அங்கிருந்து சரிந்து வரலாம்.

ஆனால் வரைபடத்தை மட்டும் நம்பக் கூடாது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் மலைப்பகுதி வரைபடங்களில், சமஉயரக் கோடுகளுக்கு நடுவே பல இடங்களில் 40 அடி இடைவெளி உண்டு. 30 அடி உயரச் செங்குத்துப் பாறை அதற்குள் மறைந்துபோகலாம். அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையையும் தனியே பார்த்தாக வேண்டும்.

மலைக்குள் செல்போன் சிக்னல் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வரைபடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள், தாளிலும் அச்செடுங்கள். ஒரு பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். ஆபத்து நேர்ந்தால், எங்கே தேடுவது என்று மீட்புக் குழுவுக்கு அது சொல்லும்.