காய்ந்துபோன கிறிஸ்துமஸ் கேக்: தூக்கி எறியணுமா, சூடான பழ டெசர்ட்டா மாத்தலாமா?

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். பக்கத்து வீட்டில் கொடுத்த பிளம் கேக், ஆபீஸில் கிடைத்தது, வீட்டிலேயே ஆசையாக வாங்கியது என்று ஃப்ரிட்ஜில் மூன்று டப்பா இருக்கும். எடுத்துக் கடித்தால் ரஸ்க் மாதிரி இருக்கிறது. 'யாராவது சாப்பிடுங்கப்பா' என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்த பிறகு, பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது அது குப்பைக்குப் போகும்.

ஆனால், காய்ந்த கேக் வேற, கெட்டுப்போன கேக் வேற. இந்த வித்தியாசம் தெரிந்தால், பாதி கேக்கைக் காப்பாற்றலாம். கெட்டுப்போனதைத் தெரியாமல் சாப்பிடுவதையும் தவிர்க்கலாம்.

கேக் ஏன் கட்டியாகிறது?

'ஈரம் போயிடுச்சு, அதான்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. கேக் வேகும்போது மாவில் உள்ள ஸ்டார்ச் தண்ணீரை உறிஞ்சி, உப்பி, மெத்தென்று ஆகிறது. ஆறிய பிறகு அந்த ஸ்டார்ச் மூலக்கூறுகள் மெதுவாக மறுபடி வரிசையாக அடுக்கிக்கொண்டு இறுகுகின்றன. அதனால்தான் காற்றுப் புகாமல் மூடி வைத்த கேக்கும் சில நாளில் கட்டியாகிறது.

இந்த இறுக்கம் வேகமாக நடக்கும் இடம் எது தெரியுமா? ஃப்ரிட்ஜ். உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் குளிர்தான் அதற்கு ரொம்பத் தோதானது. ஃப்ரீசரில் இது கிட்டத்தட்ட நின்றுவிடும்.

நல்ல செய்தி என்னவென்றால், சுமார் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் அந்த அடுக்கு மறுபடி இளகிவிடும். கூடவே கொஞ்சம் ஈரமும் கிடைத்தால் கேக் மெத்தென்று ஆகும். அந்தச் சூட்டையும் ஈரத்தையும் ஒன்றாகக் கொடுப்பது, வேகும் பழத்தின் சாறு.

எந்தக் கேக்கை உடனே தூக்கிப் போடணும்?

* ஒரு இடத்தில் பூஞ்சை தெரிந்தாலும் முழுக் கேக்கும் வேண்டாம். கேக்கில் நுண்ணிய துளைகள் அதிகம். வெளியே ஒரு புள்ளி தெரிந்தால், உள்ளே அதன் இழைகள் பரவியிருக்கலாம். 'அந்த இடத்தை மட்டும் வெட்டிடலாம்' என்பது இங்கே செல்லாது. சூடு பண்ணினாலும் சரியாகாது.
* புளித்த வாடை, பிசுபிசுப்பு இருந்தாலும் வேண்டாம்.
* கிரீம் கேக் என்றால் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மூன்று, நான்கு நாள்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த கிரீம் கேக்கை நம்ப வேண்டாம்.

பிளம் கேக் அதிக நாள் தாங்குவதற்குக் காரணம், அதில் இருக்கும் சர்க்கரையும் உலர்பழமும். அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமிகள் எளிதில் வளர முடிவதில்லை. இருந்தாலும் பேக்கெட்டில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

எப்படிச் செய்வது? (4 பேருக்கு)

ஓவன் தேவையில்லை. அடி கனமான கடாயும் மூடியும் போதும். கணக்கு ரொம்ப சிம்பிள்: கேக் ஒரு பங்கு, பழம் இரண்டு பங்கு.

தேவையானவை: காய்ந்த பிளம் கேக் 200 கிராம், அன்னாசி 200 கிராம், ஆப்பிள் 1, வாழைப்பழம் 1, ஒரு ஆரஞ்சின் சாறு, வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், பட்டை சிறு துண்டு. சர்க்கரை வேண்டாம், கேக்கில் இருப்பதே போதும்.

1. கேக்கைக் கையால் உதிர்த்து இரண்டு பங்காகப் பிரியுங்கள்.

2. கடாயில் பாதி வெண்ணெயை உருக்கி, ஒரு பங்கு கேக்கை மட்டும் சிறு தீயில் 4, 5 நிமிடம் வறுத்துத் தனியே வையுங்கள். சர்க்கரை சீக்கிரம் கருகும் என்பதால் கிளறிக்கொண்டே இருக்கணும். ஆறியதும் இது மொறுமொறுவென்று ஆகிவிடும்.

3. அதே கடாயில் மீதி வெண்ணெய், பட்டை, பொடியாக நறுக்கிய அன்னாசி, ஆப்பிள், ஆரஞ்சுச் சாறு சேர்த்து மூடி, சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் வேக விடுங்கள். பழம் குழைய வேண்டாம், அடியில் சாறு நிற்கணும். வற்றியிருந்தால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளிக்கலாம்.

4. வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கிப் போட்டு, வறுக்காத கேக்கை மேலே பரப்பி, மூடி 5 நிமிடம் வையுங்கள். பழத்தின் ஆவியிலேயே கேக் இளகும். உள்ளே இருக்கும் திராட்சையும் சாறு குடித்து உப்பும்.

5. அடுப்பை அணைத்து, வறுத்த கேக்கை மேலே தூவி, சூடாகப் பரிமாறுங்கள். தூவிவிட்டு மூடினால் மொறுமொறுப்பு போயிடும்.

ஓவன் இருந்தால், வேகவைத்த பழத்தின் மேல் உதிர்த்த கேக்கை மொத்தமாகப் பரப்பி, 180 டிகிரியில் 20 நிமிடம் வைத்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை

பச்சை அன்னாசியோடு பால் சேர்ந்தால் கசக்கும். அதில் உள்ள என்சைம் பாலின் புரதத்தை உடைப்பதுதான் காரணம். நன்றாக வேகவைத்தால் அந்த என்சைம் செயலிழக்கும். அதனால் மேலே கஸ்டர்ட் ஊற்றப் போகிறவர்கள் அன்னாசியை அரைவேக்காட்டில் விட வேண்டாம்.

சில பிளம் கேக்கில் பழங்களை ரம்மில் ஊற வைத்திருப்பார்கள். சூடு பண்ணினால் ஆல்கஹால் முழுதாகப் போய்விடாது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன் லேபிளைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு, பழம் சேர்த்ததால் இது 'ஹெல்தி' ஆகிவிடாது.

இது புதுசு இல்லை

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே 'ஆப்பிள் பிரவுன் பெட்டி' என்ற இனிப்பு உண்டு. காய்ந்த ரொட்டித் தூளையும் ஆப்பிளையும் அடுக்கி வேகவைப்பார்கள். இத்தாலியின் மிலான் நகரில், கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பனட்டோனே கேக்கில் ஒரு பங்கை எடுத்து வைத்து, பிப்ரவரி 3 அன்று புனித பிளேஸ் திருநாளில் சாப்பிடுகிறார்கள். தொண்டை நோய் வராது என்பது அவர்கள் நம்பிக்கை.

ஒரு துண்டு கேக்குக்கு இவ்வளவு யோசிக்கணுமா? ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் சுமார் 60 சதவீதம் ஹோட்டலிலோ கடையிலோ அல்ல, வீடுகளில் வீணானது. இந்திய வீடுகளின் கணக்கு, தலைக்கு ஆண்டுக்கு சுமார் 55 கிலோ.

அடுத்த முறை கேக் அதிகமாக வந்தால், ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் காயவிட வேண்டாம். அன்றைக்கே துண்டு போட்டு, காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். இரண்டு, மூன்று மாதம் தாங்கும். வேண்டும்போது ஒரு துண்டும் இரண்டு பழமும் எடுத்தால், சாயங்காலம் சூடாக ஒரு கிண்ணம் ரெடி.