ஒரு நாளில் இரண்டு நகரங்கள்

இத்தாலியின் பழைய நகரங்களைப் பார்க்கப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு நகரத்தில் தங்கிக்கொண்டு, காலையில் இரயில் ஏறி, அருகிலுள்ள சிறு நகரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவு உணவுக்குத் திரும்பிவிடலாம். புளோரன்சில் தங்கியிருந்த நாங்கள் நண்பர்கள் நால்வரும் அப்படித்தான் ஒரு நாள் பீசாவுக்கும் லூக்காவுக்கும் சென்று வந்தோம். தமிழில் நாம் ‘பைசா’ என்று எழுதும் ஊரைத்தான் இத்தாலியர்கள் ‘பீசா’ என்கிறார்கள்.

இம்மூன்று நகரங்களும் தஸ்கனி வட்டாரத்தில் உள்ளன. புளோரன்சிலிருந்து பீசாவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து லூக்காவுக்கு அரை மணி நேரம். லூக்காவிலிருந்து புளோரன்ஸ் திரும்ப ஒன்றரை மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவு. போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை.

வட்டார இரயில்களுக்கு முன்பதிவு தேவையில்லை. காகிதப் பயணச்சீட்டில் இருக்கை எண் இராது. அது குறிப்பிட்ட ஓர் இரயிலுக்கு மட்டும் உரியதும் அன்று. ஆகவே, ஏறுவதற்கு முன் நிலையத்திலுள்ள சிறிய இயந்திரத்தில் அதைச் செருகி, நாளையும் நேரத்தையும் பதித்துக்கொள்ள வேண்டும். பதிக்காத சீட்டை மீண்டும் பயன்படுத்திவிடலாம் அல்லவா? அதனால்தான், பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவரும் முத்திரை இல்லையென்றால் அபராதம் கட்ட நேரிடும். எங்களில் ஒருவர் அவசரத்தில் இதை மறந்துவிட்டார். அந்த ஒருவர் நான்தான். இரயில் புறப்பட்ட பிறகுதான் நினைவு வந்தது. “சோதகர் வரும்வரை காத்திருக்காதே, நீயே போய்ச் சொல்” என்றாள் தோழி. நடுங்கிக்கொண்டே போய்ச் சொன்னேன். அவர் தம் பேனாவால் நேரத்தை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். அவராக வந்து பிடித்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

பீசாவின் முதன்மை நிலையத்திலிருந்து கோபுரத்திற்கு, ஆர்னோ ஆற்றைக் கடந்து நடந்தே போகலாம். புற்றரையில் நூற்றுக்கணக்கான சுற்றுப்பயணிகள் கைகளை நீட்டி, கோபுரத்தைத் தாங்குவது போல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அதைத் தாங்கிப் பிடித்தவர்களின் கதை இன்னும் சுவையானது.

அது பேராலயத்தின் மணிக்கூண்டு. 1173இல் கட்டத் தொடங்கினார்கள். அடித்தளம் மூன்று மீட்டர் ஆழம்தான். அடியில் இருப்பதோ களிமண்ணும் மணலும் கலந்த மென்மையான நிலம். மூன்றாம் தளம் எழுந்த காலத்திலேயே சாய்வு தெரிந்தது. பிறகு வேலை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நின்றுபோனது. இந்த இடைவெளிதான் கோபுரத்தைக் காப்பாற்றியது என்கிறார்கள் பொறியாளர்கள். பாரத்தைத் தாங்கியபடியே நிலம் மெல்ல இறுகிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. தொடர்ந்து கட்டியிருந்தால் அப்போதே விழுந்திருக்கும். மீண்டும் தொடங்கியவர்கள் சாய்வைச் சரிக்கட்டத் தாழ்ந்த பக்கத்தைச் சற்று உயர்த்திக் கட்டினார்கள். அதனால் கோபுரம் சாய்ந்திருப்பதோடு இலேசாக வளைந்தும் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் தெரியும்.

1989இல் பாவியா என்ற வேறொரு இத்தாலிய நகரில் பழைய கோபுரம் ஒன்று திடீரென இடிந்து விழுந்து நால்வர் இறந்தனர். அடுத்த ஆண்டே பீசா கோபுரம் மூடப்பட்டது. சாயாத வடபுறத்தில் ஈயக் கட்டிகளை அடுக்கிப் பாரம் ஏற்றினார்கள். 1995இல் நிலத்தை உறையவைத்து வேலை செய்ய முயன்றபோது கோபுரம் மேலும் சாய்ந்தது. உடனே நிறுத்திவிட்டு இன்னும் ஈயம் ஏற்றினார்கள். இறுதியில் கைகொடுத்தது எளிய வழிதான்: வடபுற அடிநிலத்திலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுத்தார்கள். அந்தப் பக்கம் மெல்ல அமுங்க, கோபுரத்தின் உச்சி ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நிமிர்ந்தது. 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது. முழுமையாக நிமிர்த்த யாரும் நினைக்கவில்லை. நேராக நிற்கும் கோபுரத்தைப் பார்க்க யார் வருவார்கள்?

லூக்காவுக்குப் போக முதன்மை நிலையத்திற்குத் திரும்ப வேண்டியதில்லை. கோபுரத்திற்கு அருகிலேயே சான் ரோசோரே என்ற சிறிய நிலையம் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், எனக்கு லூக்காதான் அதிகம் பிடித்தது. இரயிலை விட்டு இறங்கியதும் எதிரே மதில். நகரைச் சுற்றி நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் இம்மதிலை 16ஆம் நூற்றாண்டில் தொடங்கி, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டினார்கள். மேற்பரப்பு சாலைபோல் அகலமானது, இருபுறமும் மரங்கள். மிதிவண்டிகளை வாடகைக்கு எடுத்து ஒரு சுற்று வந்தோம். வலப்பக்கம் வயலும் மலையும், இடப்பக்கம் ஓட்டுக் கூரைகள். ஒரு கோபுரத்தின் உச்சியில் மரங்களே வளர்ந்திருந்தன! அது குவினிஜி குடும்பத்தாரின் கோபுரம். நகரின் நடுவே ஒரு சதுக்கம் நீள்வட்டமாக இருந்தது. ரோமானியர் காலத்து அரங்கத்தின் சுவர்கள்மீதே வீடுகளைக் கட்டியதால் அந்த வடிவம் அப்படியே தங்கிவிட்டது.

இவ்வளவு பெரிய மதிலை எந்தப் படையும் வந்து முற்றுகையிடவில்லை. ஆனால், 1812இல் செர்க்கியோ ஆறு பெருகியபோது வாயில்களை அடைத்து, வெள்ளத்தை வெளியே நிறுத்த அது உதவியது. எந்தப் பகைவருக்கு அஞ்சிக் கட்டினார்கள் என்று மிதிவண்டிக் கடைக்காரரைக் கேட்டோம். “புளோரன்ஸ்” என்று சிரித்தார்.

மாலை இரயிலில் அந்தப் புளோரன்சுக்கே திரும்பினோம். இம்முறை சீட்டில் முதலில் முத்திரை பதித்தது நான்தான்.