ஸல்மான் அன்றைக்கு இரவு தங்கிவிட்டுப் போனார்

மதீனாவின் சகோதரத்துவம் என்றாலே எல்லாரும் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்த சம்பவத்தைத்தான் சொல்வார்கள். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் 622ல் மக்காவை விட்டு வந்தவர்களுக்குப் பணம் மட்டுமா பிரச்சினை? பிலால் (ரலி) காய்ச்சல் விட்டதும் மக்காவின் புல்லையும் தண்ணீரையும் நினைத்துக் கவிதை பாடுவார் என்று ஆயிஷா (ரலி) சொன்ன செய்தி புகாரியில் இருக்கு. ஊர் ஏக்கம், வேறென்ன.

நபி (ஸல்) அவர்கள் வந்தவர் ஒருவர், உள்ளூர்க்காரர் ஒருவர் என்று ஜோடி சேர்த்தார்கள். ஆரம்பத்தில் இந்தச் சகோதரர்களுக்குள் வாரிசுரிமைகூட இருந்தது. பிறகு இரத்த உறவுக்கே வாரிசுரிமை என்றாகிவிட்டது. நட்பு அப்படியே தொடர்ந்தது. எங்கள் ஆபீசிலும் புதுசா சேர்கிறவருக்கு ஒரு பழைய ஆளைச் சேர்த்துவிடுவோம். "எல்லாரும் உதவுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் உதவ மாட்டார்கள், அதான்.

எனக்குப் பிடித்த ஜோடி ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி), அபூதர்தா (ரலி). ஸல்மான் பாரசீகத்தில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, பிறகு விடுதலையானவர். ஒருநாள் அபூதர்தா வீட்டுக்குப் போகிறார். அவர் மனைவி அழுக்கு உடையில் இருக்கிறார். என்ன ஆச்சு என்று கேட்டால், உங்கள் சகோதரருக்கு உலக விஷயத்தில் நாட்டமே இல்லை என்கிறார். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை.

இந்த இடத்தில் நானாக இருந்தால் ஒரு மணி நேரம் அட்வைஸ் பண்ணியிருப்பேன். ஸல்மான் செய்யவில்லை. சாப்பாடு வந்தது. "நீ சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன்" என்றார். அபூதர்தா (உபரி நோன்புதான்) நோன்பை விட்டுச் சாப்பிட்டார். இரவு தொழ எழுந்தவரைத் தூங்கச் சொன்னார். மறுபடி எழுந்தார், மறுபடியும் தூங்கச் சொன்னார். இரவின் கடைசிப் பகுதியில் அவரே எழுப்பிவிட்டு, இருவரும் சேர்ந்து தொழுதார்கள். அதற்கப்புறம்தான் பேச்சே: இறைவனுக்கு உன்மேல் உரிமை உண்டு, உன் உடம்புக்கும் உண்டு, குடும்பத்துக்கும் உண்டு. அபூதர்தா இதை நபியிடம் போய்ச் சொல்ல, ஸல்மான் சொன்னது சரிதான் என்றார்கள்.

முதலில் உணவு, பிறகு தூக்கம், பிறகு கூட இருப்பது, கடைசியில் நாலு வார்த்தை. இந்த வரிசையை நான் கவனித்ததே கொஞ்ச வருஷத்துக்கு முன்னால்தான். மூன்று மாதம் சரியாகத் தூங்காமல், யார் போனையும் எடுக்காமல் இருந்தேன். மனசு சரியில்லை என்று சொன்னவர்களுக்கெல்லாம் பதில், ஈமான் குறைவு என்பதுதான். இது அநியாயம். ஒரு நண்பன் மட்டும் பரோட்டா பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தான், எதுவும் கேட்கவில்லை. நாலாவது தடவை வந்தபோது, "டாக்டரைப் பார்ப்போமா, நானும் வர்றேன்" என்றான். போனோம்.

அவனுக்கு இந்த ஹதீஸ் தெரியுமா என்று பிறகு கேட்டேன். "எது?" என்றான்.